டாக்டருக்குப் பிடித்தவர்கள்

அத்தியாயம் – 8

வனிதா அழுது முடிக்கிற வரைக்கும் பூவனலிங்கம் அண்ணாச்சி ஜன்னல் வழியாக ரோட்டில் போகிற டவுன் பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். தப்புப் பண்ணிவிட்டோமோ என்று சந்தேகம் வந்தால் அவர் பஸ்தான் பார்ப்பார். அன்றைக்கு நிறைய பஸ் பார்த்தார்.

"நான் ஊசியில தண்ணி கலக்கல அண்ணாச்சி" என்றாள் வனிதா. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "முன்னால டாக்டரோட எதிரி ஆஸ்பத்திரியில வேலை பாத்தேன், நிசந்தான். அதுக்காக அவிய ஏவிவிட்டு நான் இங்கன வந்தேன்னு சொன்னா எப்படி? போலீஸுக்குப் போணும்னா போங்க. ஆனா ஐஸ்வர்யா அக்காவுக்கு இன்னைக்குக் கட்டு மாத்தணும். அதை மட்டும் யாரையாவது செய்யச் சொல்லுங்க."

எழுந்து போய்விட்டாள். செருப்புச் சத்தம் மாடிப்படியில் இறங்கி ஓய்ந்தது.

நர்ஸ் வேலை பார்க்கிற இவளைத்தான் நேற்றுச் சாயங்காலம் முழுக்கவும் இன்று காலையிலும் நானும் அண்ணாச்சியும் மாறி மாறிக் கேள்வி கேட்டு உருட்டினோம். நாங்கள் பொதுவாக உருட்டுவது மாப்பிள்ளைகளை. கோவில்பட்டியில் ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் துப்பறியும் நிறுவனம். பையன் குடிப்பானா, சீட்டாடுவானா, ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிறதா என்று பெண் வீட்டாருக்கு விசாரித்துச் சொல்வதுதான் பிழைப்பு. அண்ணாச்சிக்கு மூளை. கிருஷ்ணவேணியாகிய எனக்கு வாய். இரண்டும் சேர்ந்து இந்தத் தொழிலை ஒருமாதிரி ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

உயிர் சம்பந்தப்பட்ட வழக்கு எங்களுக்கு இதுதான் முதல்.

டாக்டர் இசக்கிராஜாவின் நர்சிங் ஹோமில் கொஞ்ச காலமாக ஆபரேஷன் புண் ஆறுவதில்லை. தையல் சிவக்கிறது, வீங்குகிறது, சீழ் வைக்கிறது. எந்த ஊசி போட்டாலும் கேட்கவில்லை. ஓட்டப்பிடாரத்துப் பெரியவர் ஒருவர் செத்தே போனார். திருநெல்வேலி லேபுக்கு அனுப்பிப் பார்த்ததில், அத்தனை பேருக்கும் ஒரே கிருமி என்றார்கள். வழக்கமாகக் கொடுக்கிற மருந்து எதற்கும் அது சாகாதாம். இப்போது அதே கிருமி டாக்டரின் சொந்த மகள் ஐஸ்வர்யாவுக்கு வந்திருக்கிறது. தலைப்பிரசவத்துக்கு அப்பா வீட்டுக்கு வந்தவள். சிசேரியன். பையன் நன்றாக இருக்கிறான், அவள்தான் காய்ச்சலில் கிடக்கிறாள். மதுரையிலிருந்து வேறொரு ஊசி வந்து ஏறிக்கொண்டிருக்கிறது. அதுவும் கேட்காவிட்டால் என்ன என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

'எதிரி வேலை வே லிங்கம். அந்த வனிதாதான். கண்டுபிடிச்சிக் குடும், உள்ள தள்ளுதேன்' என்று டாக்டர் அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். மகளுக்காகக் கலங்கி நிற்கிற மனுஷன் சொன்னதும் நாங்களும் நம்பிவிட்டோம். எங்களுக்கு அதில் ஒரு சௌகரியமும் இருந்தது. அவள் சின்னப்பெண், துணைக்கு ஆளில்லை, அதட்டினால் அழுகிறாள்.

அண்ணாச்சி ஜன்னலை விட்டுத் திரும்பினார்.

"வேணி, சீழ் வச்சவங்களையே சுத்திச் சுத்தி வந்தோம். வைக்காம வீட்டுக்குப் போனது யாரு?"

"திருட்டுப் போன வீட்டை விட்டுட்டுப் போகாத வீட்டைப் பாக்கணுமாக்கும்?"

"ஒரு தெருவுல எல்லா வீட்டுலயும் புகுந்தவன் ரெண்டு மூணு வீட்டை மட்டும் விட்டுட்டுப் போயிருக்கான். ஏன்?"

"அங்க நாய் இருந்திருக்கும்."

"அந்த நாயைத்தான் பாக்கப் போறோம். ஸ்கூட்டர் சாவிய எடு."

* * *

முதல் ஆள் ரொம்ப தூரம் வைக்கவில்லை. நர்சிங் ஹோம் வாசலிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். வாட்ச்மேன் உச்சிமாகாளி. குடலிறக்கத்துக்கு அங்கேயே ஆபரேஷன், அங்கேயே படுக்கை, ஆறியதும் அங்கேயே டியூட்டி.

"சீழா? எனக்கா?" என்று சிரித்தார். பேசும்போது நான் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டேன். காலையிலேயே ஏற்றியிருந்தார். "நம்ம ஒடம்புல எந்தக் கிருமி தங்கும்மா? வந்தா மயங்கிலா விழும்!"

"டாக்டர் நல்லாப் பாத்துக்கிட்டாவளா?"

"அவிய எங்க பாத்தாவ? என் மேல வாற வாடை அவியளுக்கு ஆகாது. வாசப்படியில நின்னுக்கிட்டு, 'ஏலே, இருக்கியா போயிட்டியா'ன்னு ஒரு சத்தம். நான் இருக்கேன்னுவேன். போயிருவாவ. கட்டு மாத்தினதெல்லாம் அந்த வனிதாப் பிள்ளைதான்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

இரண்டாவது ஆள் வெயிலுகந்தம்மாள். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியின் சம்சாரம். கர்ப்பப்பை ஆபரேஷன். அண்ணாச்சியை வெளித் திண்டில் உட்கார்த்திவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். கொல்லையில் வெயிலில் காயப்போட்டிருந்த, குச்சி அடுக்கிய தீப்பெட்டிக் கட்டைகளைத் தாண்டி, உள்ளறைக்குப் போய், கதவையும் சாத்திவிட்டு, அப்புறம்தான் வாயைத் திறந்தார்கள்.

"புண்ணு பூ மாதிரி ஆறிட்டு. ஆனா அந்த டாக்டரு தெனமும் வந்து கட்டைப் பிரிச்சுப் பாக்கணும்னு நின்னாரு பாரு! ஆம்பளையாள விடுவேனா நான்?"

"ஆபரேஷன் பண்ணினதே அவியதானம்மா?"

"அது மயக்கத்துல. எனக்குத் தெரியாம நடந்ததுக்கு நான் என்ன செய்ய? முழிப்பு வந்த பெறவு தொட விடுவேனா? எட்டி நில்லும்னுட்டேன். அவருக்கு மொகம் சுருங்கிப் போச்சு. அதுக்குப் பெறவு எட்டிக்கூடப் பாக்கல. நர்ஸு பொண்ணுதான் எல்லாம் செஞ்சுது."

"எந்த நர்ஸு?"

"வனிதா. தங்கமான பிள்ள. கடையில தலைவலி மாத்திர வாங்கித் தரச் சொன்னாக்கூட, டாக்டர்ட்ட கேட்டுத்தான் தருவேன்னுட்டா. அவளையா துப்பு வெட்டுதிய?"

கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

* * *

மூன்றாவது ஆளைத் தேடிப் பசுவந்தனைக்குப் போனோம். மழையைக் கண்டு நாளான கரிசல். காடு முழுக்க வெடிப்பு. அண்ணாச்சி ரோட்டோரம் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு இறங்கி நடந்தார். வெடிப்பில் என் செருப்பு மாட்டிக்கொண்டது.

தவசி பருத்தி எடுத்துக்கொண்டிருந்தார். செடியெல்லாம் முழங்காலுக்கு மேல் வளரவில்லை. ஆபரேஷன் என்றதும் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினார். வழவழவென்று ஆறியிருந்தது.

"டாக்டரு எப்படிப் பாத்துக்கிட்டாவ?"

"அந்தாளா?" தவசி காறித் துப்பினார். "அவருக்கும் எனக்கும் பேச்சு வார்த்தையே கெடையாது. காலையில ரேடியோவுல வானிலை கேட்டுக்கிட்டிருந்தேன். ஆஸ்பத்திரியில என்ன ரேடியோன்னு பிடுங்கிட்டாரு. மழை பெய்யுதான்னு நான் தெரிஞ்சிக்கிட வேண்டாமா? எங்க காட்டுல மழை பெய்யலன்னா உம்ம ஆஸ்பத்திரிக்கு எவன் வே வருவான்னு கேட்டுட்டேன்."

"பெறவு?"

"இனிமே ஒன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்னாரு. முழிக்கவும் இல்ல. மனுசன் சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டாரு. கட்டு மாத்த ஒரு நர்ஸு வரும்."

பெயரை நாங்கள் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். நாங்கள் பயந்துகொண்டிருந்த பெயர்தான்.

திரும்பி வரும்போது அண்ணாச்சி ஸ்கூட்டரை மெல்லத்தான் ஓட்டினார். எனக்கு நெஞ்சு கனத்துக் கிடந்தது. வனிதா கை பட்ட மூன்று பேரும் பிழைத்திருக்கிறார்கள். அவளைத்தான் கிருமி பரப்பியவள் என்று உட்காரவைத்து அழவிட்டோம். என் மனசு கனத்தால் வாய் லேசாகிவிடும். என்ன பண்ணுவது, பிறவிக் குணம்.

"அண்ணாச்சி, எனக்கு ஒண்ணு தோணுது. குடிகாரன், எட்டி நில்லும்னு சொன்ன அம்மா, சண்டைக்காரன். டாக்டருக்குப் பிடிக்காதவிய எல்லாம் பொழைச்சிட்டாவ. பிடிச்சவிய எல்லாம் சீழ் வச்சுக் கெடக்காவ. பேசாம நாமளும் போயி அவியகிட்ட ஒரு சண்டை போட்டு வச்சுக்கிடுவோமா? நாளைப் பின்ன ஆபரேஷன்னா ஆகும்லா?"

ஸ்கூட்டர் நின்றது. பின்னால் வந்த மினிபஸ்காரன் திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போனான்.

"இன்னொரு தடவை சொல்லு" என்றார் அண்ணாச்சி.

"விளையாட்டுக்குச் சொன்னேன்."

"விளையாட்டில்ல வேணி. நீ நாயைக் கண்டுபிடிச்சிட்ட."

அவர் இறங்கி ரோட்டோரம் நின்றார். தன் வயிற்றின் வலப்பக்கம் கையை வைத்துக்கொண்டார். ரொம்ப வருஷத்துக்கு முன்னால் அவருக்கு அப்பெண்டிக்ஸ் எடுத்தவரும் டாக்டர் இசக்கிராஜாதான்.

"கட்டு மாத்தினதும் அவிய வருவாவ. கையுறையக் கழத்திருவாவ. கட்டை லேசா வெலக்கிப் புண்ணைப் பாத்துட்டு, வெறுங்கையால அமுக்கி, 'பொழைச்சிக்கிட்டீரு போம்'னு சொல்லுவாவ. அந்தக் கை பட்டாத்தான் ஊர்ல எல்லாருக்கும் தெம்பு. கைராசி டாக்டர்னு இங்கேயிருந்து விளாத்திகுளம் வரைக்கும் பேரு. எனக்கும் அமுக்கினாவ. எங்கம்மா அந்தக் கைய எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டா."

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலயே?"

"அப்ப அவிய கட்டைவிரல்ல பிளாஸ்திரி கெடையாது."

எனக்கும் ஞாபகம் வந்தது. நேற்று எங்களுக்குக் காப்பி டம்ளரை நீட்டிய கையில், நகத்தை மூடி ஒரு பழுப்பேறிய பிளாஸ்திரி.

"வாங்க, போவோம்" என்றேன்.

"போணுமா வேணி?" என்று கேட்டார் அண்ணாச்சி. துப்பறிகிறவர் கேட்கிற கேள்வியா இது? ஆனால் அவர் கேட்டார். "அந்த மனுஷன்கிட்ட இதை எந்த வாயால சொல்ல?"

"வனிதாகிட்ட நேத்துக் கேட்டீங்களே, அதே வாயால" என்றேன். சொன்ன பிறகு எனக்கே சுருக்கென்றது.

* * *

நாங்கள் போனபோது டாக்டர் அப்போதுதான் வார்டு சுற்றிவிட்டு அறைக்கு வந்திருந்தார். குழாய்க்குப் பக்கத்தில் ஸ்டாண்டு, அதன்மேல் எனாமல் பேசின், அதில் லோஷன் தண்ணீர். நகராட்சித் தண்ணீர் எப்போது வரும் என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம் என்பதால், காலையில் கலந்து வைத்தால் அன்றைக்குப் பூராவும் அதுதான். டாக்டர் இரண்டு கையையும் அதில் முக்கி எடுத்தார். பக்கத்தில் தொங்கிய துண்டில் துடைத்தார். துண்டு ஈரமாக இருந்தது. அதுவும் காலையிலிருந்து அதுதான்.

"அவ ஒத்துக்கிட்டாளா வே?" என்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. தூங்கியே நாளாகியிருக்கும்.

அண்ணாச்சி கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "சொல்லுதேன் டாக்டர். அதுக்கு முன்னால இந்தப் பல்லுவலிக்கு ஏதாவது மாத்திரை கெடைக்குமா? பேசவே முடியல."

"பேச முடியாத துப்பறியும் நிபுணர், நல்ல ஆளு!" என்று டாக்டர் லேசாகச் சிரித்தபடி மேஜை டிராயரை இழுத்தார்.

உள்ளே மருந்துக் கம்பெனிக்காரர்கள் கொடுத்துவிட்டுப் போகிற சாம்பிள் அட்டைகள். பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம். ஒவ்வொன்றும் வேறு வேறு மருந்து. ஒவ்வொன்றிலும் இரண்டோ மூன்றோ மட்டும் பிய்த்திருந்தது. முழுசாகத் தீர்ந்த அட்டை ஒன்றுகூட இல்லை.

"இதெல்லாம் யாருக்கு டாக்டர்?"

"எனக்குத்தான். இந்தக் கட்டைவிரல் நகச்சுத்தி விட்டபாடில்ல. வீங்கும். ரெண்டு போட்டா அமுங்கிரும். பெறவு கொஞ்ச நாள் கழிச்சு வரும். அப்ப கையில கெடைக்குறதைப் போடுவேன். மருந்தைத் தொடர்ந்து சாப்பிட எனக்கு எங்க வே நேரம்?"

அண்ணாச்சி கன்னத்திலிருந்து கையை எடுத்தார்.

"டாக்டர், நோயாளியப் பாக்கும்போது ஏன் கையுறையக் கழத்துறிய?"

"உறை போட்டுத் தொட்டா, நம்மளப் பாத்து டாக்டர் அருவருக்காரேன்னு ஜனங்க நினைக்கும். காட்டு வேலை செய்யுறவன், தீப்பெட்டி ஆபீஸுக்குப் போறவ, அவங்களுக்கு அந்தத் தொடுதல்தான் வே பாதி மருந்து. ஏன் கேக்கீரு?"

"உச்சிமாகாளிய நீங்க தொடல. அவன் வாடை ஒங்களுக்கு ஆகாது. வெயிலுகந்தம்மாள் தொட விடல. தவசிய நீங்க கோவத்துல தொடல. மூணு பேருக்கும் கட்டு மாத்தினது வனிதா. மூணு பேரும் ஆறிட்டாவ." அண்ணாச்சியின் குரல் இறங்கிக்கொண்டே போனது. "மத்தவிய எல்லாம் ஒங்களுக்குப் பிடிச்சவிய டாக்டர்."

"வெளிய போம்" என்றார் டாக்டர்.

நாங்கள் போகவில்லை. அவர் எழுந்து நின்றார். மேஜையை ஓங்கித் தட்டினார். "என் கையையா சொல்லுதீரு? இந்தக் கையையா?" என்று அதை எங்கள் முகத்துக்கு நேரே நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. அவரும் அதைத்தான் பார்த்தார்.

மெல்ல பிளாஸ்திரியைப் பிரித்தார். நகத்தின் ஓரம் சிவந்து, மஞ்சளாக ஒரு பொட்டு.

அவர் டாக்டர். அதற்கு மேல் நாங்கள் சொல்ல ஒன்றும் இல்லை. டிராயரைப் பார்த்தார், பேசினைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார். அவருக்குள் ஒவ்வொன்றாகக் கூடி வருவது எங்களுக்குத் தெரிந்தது. பார்க்கவே கூடாத காட்சி அது.

"நோயாளிக்கெல்லாம் சொல்லுவேன்" என்றார். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "மாத்திரைய அரைகுறையா நிப்பாட்டாத, கிருமி பழகிரும்னு. கத்துவேன். நான் என் விரல்லயே வச்சு, எல்லா மருந்தையும் ரெண்டு ரெண்டா காட்டி, அதைப் பழக்கியிருக்கேன். பழக்கினதைக் கட்டில் கட்டிலாக் கொண்டு போயிக் குடுத்திருக்கேன். அந்த ஓட்டப்பிடாரத்துப் பெரியவரு... நான் தொட்டதும் கும்பிட்டாரு வே."

அண்ணாச்சி டிராயரைத் தள்ளி மூடினார்.

வாசலில் ஆயா வந்து நின்றாள். "டாக்டரய்யா, மேல அக்கா கூப்பிடுதாவ. வலி தாங்கலயாம். அப்பா வந்து ஒரு தடவை கைய வச்சாப் போதும்ங்காவ."

டாக்டர் பாதி எழுந்தார். பிறகு உட்கார்ந்தார்.

"வேணி" என்றார் அண்ணாச்சி. "வனிதாவைக் கூட்டிட்டு வா."

* * *

வனிதா தன் வீட்டுக் கதவைத் திறந்ததும், "இன்னும் கேள்வி இருக்கா?" என்று கேட்டாள்.

"கேள்வி இல்ல. நாங்க செஞ்சது தப்பு. மன்னிப்புக் கேக்க வந்தேன்" என்றேன். வழியெல்லாம் நான் யோசித்து வைத்திருந்த வேடிக்கைப் பேச்சு ஒன்றும் அப்போது உதவிக்கு வரவில்லை. விஷயத்தைச் சொன்னேன். அவள் சந்தோஷப்படவில்லை. உள்ளே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள்.

மாடியில் ஐஸ்வர்யாவின் அறைக்கு வெளியே டாக்டர் நின்றுகொண்டிருந்தார். வனிதாவைக் கண்டதும் ஏதோ சொல்ல வந்தார். அவள் நிற்கவில்லை. குடத்தைச் சாய்த்து ஊற்றச் சொல்லி, ஓடுகிற தண்ணீரில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். ஊற்றியது நான். பிறகு புது உறையைப் பிரித்து மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

"அப்பா எங்க?" என்றாள் ஐஸ்வர்யா. காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது. "வெளிய நிக்காவல்லா? நெழல் தெரியுது. உள்ள ஏன் வரல? என் மேல கோவமா?"

வனிதா வாசலைத் திரும்பிப் பார்த்தாள். நினைத்திருந்தால் அந்த இடத்தில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். சொல்ல அவளுக்கு உரிமையும் இருந்தது.

"அவிய கையில புண்ணு அக்கா. ஆறினதும் வருவாவ."

டாக்டர் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. வாசல்படி வரைக்கும் வந்தார்.

"ஐசு, புண்ணு மட்டுமில்ல தாயி. ஒனக்கு இந்தக் காய்ச்சலக் குடுத்ததே என் கைதான். கீழ கெடக்குற அத்தனை பேருக்கும் குடுத்தது இதுதான். இந்தப் பிள்ள மேல வீணாப் பழி போட்டுட்டேன். கீழயும் போயிச் சொல்லப் போறேன். ஒன்கிட்டதான் மொதல்ல சொல்லணும்."

ஐஸ்வர்யா அப்பாவின் கையைப் பார்த்தாள். திட்டுவாள் அல்லது அழுவாள் என்று நான் நினைத்தேன். அவள் கண் அந்தக் கையை விட்டு, பக்கத்தில் தொட்டிலில் தூங்குகிற பிள்ளையிடம் போனது.

"அப்பா" என்றாள். "புள்ளைக்குச் சேனை வச்சதும் நீங்கதானப்பா?"

பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாகச் சீனித் தண்ணீரை விரலால் தொட்டு வைப்பதுதான் சேனை. வைக்கிறவருடைய குணமும் ராசியும் பிள்ளைக்கு வரும் என்று, குடும்பத்திலேயே நல்ல கை யாருடையதோ அவரைத்தான் வைக்கச் சொல்வார்கள். இந்த வீட்டில் அது யார் கையாக இருந்திருக்கும் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

டாக்டர் கதவு நிலையைப் பிடித்துக்கொள்ளப் போய், தொடாமல் கையை இழுத்துக்கொண்டார்.

வனிதா வெளியே வந்தாள். உறையைக் கழற்றிப் போட்டாள். மறுபடியும் தண்ணீர் ஊற்றச் சொன்னாள். மறுபடியும் கழுவினாள். புது உறை மாட்டிக்கொண்டு போய்ப் பிள்ளையைத் தூக்கினாள். வாயைத் திறந்து பார்த்தாள். தொப்புளைப் பார்த்தாள். அக்குளை, தொடை இடுக்கைப் பார்த்தாள். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்ப ஒண்ணும் தெரியல" என்றாள் வனிதா. "சூடு இல்ல. தொப்புளும் சுத்தமா இருக்கு. ஆனா நாளைக்கும் பாக்கணும் டாக்டர். அதுக்கு மறுநாளும் பாக்கணும்."

"நீ வருவியாம்மா?" என்றார் டாக்டர். நேற்று அவளை உள்ளே தள்ளுவேன் என்று சொன்ன அதே குரல்தான்.

வனிதா பிள்ளையைத் தொட்டிலில் விட்டாள். ஐஸ்வர்யாவின் கட்டிலுக்குப் போய்ப் போர்வையை விலக்கினாள்.

"அக்கா கட்டைப் பிரிக்கப் போறேன்" என்றாள், திரும்பிப் பார்க்காமல். "கையப் பின்னால கட்டிக்கிட்டு அங்கனயே நில்லுங்க டாக்டர்."

டாக்டர் இசக்கிராஜா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றார்.